விமானத்திடம் சரணடைய முடியாது

1

குண்டு போட வந்தவன் விமானத்தோடு எரிந்து போகாமல் பாரசூட்டில் பிழைத்து இறங்குகிறான். இறங்குகிற இடம் அவன் குண்டு போட்ட ஊர், அல்லது அதற்குப் பக்கத்து ஊர். சற்று முன்வரை அவனுக்கு அது வரைபடத்தில் ஒரு சதுரம். இப்போது அது உழுது போட்ட வயல். வரப்பில் நிற்கிற நாலு பேர். அவர்கள் கைக்குக் கிடைத்த கம்பும் மண்வெட்டியும். அந்த நாலு பேர் அவனை என்ன செய்ய வேண்டும்? ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. 2019 பிப்ரவரி 27-ந் தேதி இந்திய விமானப் படையின் மிக்-21 விமானி அபிநந்தன் வர்தமான் எல்லைக் கோட்டுக்கு அப்பால், பிம்பர் மாவட்டத்து ஹோரான் கிராமத்தில் இறங்கினார். தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் குண்டு போடப் போனவர் அல்ல. வந்த விமானங்களை விரட்டப் போனவர். முந்தின நாள் பாலகோட்டில் குண்டு போட்டவை வேறு விமானங்கள். ஓடி வந்த ஜனங்களுக்கு இந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. அடித்தார்கள். ராணுவத்தார் வந்து அவர்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். ரத்தம் வழியும் முகத்தோடு, கண் கட்டப்பட்டு அவர் பேசிய படம் அன்றே கைப்பேசிகளில் ஓடியது. பிறகு கையில் டீக் கோப்பையோடு இன்னொரு படம் வந்தது. மார்ச் 1-ந் தேதி இரவு வாகா எல்லையில் அவர் திரும்பி நடந்து வந்தார்.

அந்த மூன்று நாளும் தமிழ்நாட்டில் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: நம் ஆளை என்ன செய்வார்கள்? அவர் இறங்கிய ஊர்க்காரர்கள் அவரை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்ற கேள்வி எழவில்லை. அதை எழுப்புவது தேசத் துரோகம் ஆகாது. அதற்கு ஒரு பதில் நம்மிடம் இல்லாவிட்டால், அவரைக் காப்பாற்றிய நியதியை நாம் மதிக்கிறோம் என்று சொல்வதற்கு அர்த்தம் கிடையாது. நம் ஆள் பிழைத்ததில் சந்தோஷப்பட்டோம், அவ்வளவுதான்.

சட்டத்திடம் பதில் இருக்கிறது. 1929-ம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தம் யுத்தக் கைதியை வன்முறையிலிருந்தும் அவமதிப்பிலிருந்தும் ஜனங்கள் கூடி வேடிக்கை பார்ப்பதிலிருந்தும் காக்க வேண்டும் என்றது. 1949-ம் வருஷத்து மூன்றாம் ஒப்பந்தம் அதை இன்னும் விரிவாகச் சொன்னது. 1977-ல் சேர்த்த நெறிமுறை மேலும் ஒரு படி போயிற்று: ஆபத்தில் சிக்கிய விமானத்திலிருந்து பாரசூட்டில் இறங்குகிறவனை இறங்கிக்கொண்டிருக்கும்போது சுடக் கூடாது, எதிரியின் மண்ணைத் தொட்டதும் சரணடைய அவனுக்கு அவகாசம் தர வேண்டும். இந்தியாவும் பாகிஸ்தானும் இந்தக் கடைசி நெறிமுறையை ஏற்றுக் கையொப்பத்தை உறுதி செய்த நாடுகள் அல்ல என்பது வேறு விஷயம். வரப்பில் நிற்கிற நாலு பேரில் ஒருத்தி அன்று காலைதான் தன் பிள்ளையை இழந்தவள் என்று வைத்துக்கொள்வோம். அவளிடம் இந்த ஷரத்துகளைப் படித்துக் காட்டிப் பயனில்லை. அவளுக்குப் போதுமான காரணம் ஒன்று இருக்கிறதா என்பதுதான் நம் பிரச்னை.

2

கோவில்பட்டியில் இருந்துகொண்டு இதை யோசிப்பது விசித்திரமாகத் தோன்றலாம். இந்தக் கரிசலில் எந்த விமானமும் குண்டு போட்டதில்லை. இது வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் உளுந்தும் போட்டுவிட்டு ஐப்பசி மேகத்துக்காக அண்ணாந்து பார்க்கிறவர்கள் இங்கே இருப்பவர்கள். மேலேயிருந்து வருவது மழை; வராவிட்டால் பஞ்சம். மூன்றாவதாக ஒன்று மேலேயிருந்து வரும் என்பது இந்த மண்ணின் அனுபவத்தில் இல்லை.

ஆனால் இங்கிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் கடல் கடந்தவர்களின் அனுபவத்தில் இருக்கிறது. 1941 டிசம்பர் 23-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த நகரத்தின் துறைமுகத்திலும் கடைவீதிகளிலும் இருந்தவர்களில் பெரும் பகுதி இந்தியர்கள். தமிழர்கள் அதில் கணிசம். அதன்பின் காட்டுவழியாக நடந்து ஊர் திரும்பிய 'பர்மாக்காரர்'களைத் தெரியாத ஊர் தெற்கே குறைவு. இன்னும் பக்கத்தில், எட்டயபுரத்தை அடுத்த தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-ல் அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. ஈழத்துப் பேச்சில் குண்டு போடுகிற விமானத்துக்குப் 'பொம்மர்' என்று பெயர். இதே கரிசல் வானத்தை இரண்டு விதமாகப் பார்க்கிறவர்கள் இந்தத் தாலுகாக்களில் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். 1995 ஜூலை 9-ந் தேதி யாழ்ப்பாணத்து நவாலியில் புனித பேதுரு தேவாலயத்தில் ஒதுங்கியிருந்த ஜனங்கள் மேல் குண்டு விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த விமானம் பழுதாகி நவாலி வயலில் இறங்கியிருந்தால் என்ற நினைப்பு வராமல் இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்க முடியாது.

தீப்பெட்டியும் பட்டாசும் செய்கிற இந்த வட்டாரத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெந்த உடம்பு எப்படியிருக்கும் என்பதை இங்கே யாருக்கும் வர்ணித்துக் காட்டத் தேவையில்லை. மருந்து அறை வெடித்த நாளில் வேனிலும் லாரியிலும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியவர்களுக்குத் தெரியும். ஆகவே 'இலக்கு அழிக்கப்பட்டது' என்ற செய்திப் பாஷை மற்ற ஊர்களைவிட இங்கே கொஞ்சம் குறைவாகத்தான் செல்லுபடியாக வேண்டும். ஆகிறதா என்பது சந்தேகம்.

3

குண்டு போடுகிறவனைக் கோழை என்று சொல்லி முடித்துவிடுவது சௌகரியமானது. ஆனால் உண்மை அப்படியில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் செத்தார்கள். பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் கைதியானார்கள். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். எந்தத் தரைப்படைக்காரனுக்கும் அவர்களுடைய மரண விகிதம் பொறாமைப்படத் தக்கதல்ல. அவர்களே 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் சுமார் 40,000 பேரைக் கொன்ற தீயை மூட்டினார்கள். 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் எரிந்தார்கள். அதைச் செய்தவர்கள் அமெரிக்கப் பையன்கள். இவர்களில் அநேகர் சாது மனிதர்கள். வீட்டுக்குக் கடிதம் எழுதினவர்கள்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. உயரம் தருவது பாதுகாப்பை அல்ல. பகையே இல்லாமல் கொல்வதற்கான வசதியைத் தருகிறது. கத்தியோடு வருகிறவனுக்குக் குறைந்தபட்சம் எதிராளியின் முகம் தேவை. மேலே இருப்பவனுக்கு எண்கள் போதும். கீழே வெளிச்சம் தெரிகிறது. அந்த வெளிச்சத்துக்குள் என்ன எரிகிறது என்பது அவனுடைய வேலையில் சேர்ந்ததல்ல.

இதைவிட முக்கியமான இன்னொன்று. விமானத்திடம் சரணடைய முடியாது. தரை யுத்தம் எவ்வளவு கொடூரமானதாக இருந்தாலும், கையைத் தூக்கினால் பிழைக்கலாம் என்ற ஒரு வழி அதில் கொள்கையளவிலாவது உண்டு. அந்த வழி அடிக்கடி மூடப்பட்டிருக்கிறது. ஆனால் மூடியவன் தான் ஒரு கதவை மூடுகிறோம் என்று தெரிந்தே மூடினான். ஹாம்பர்க்கில் ஒரு கிழவி, நவாலியில் ஒரு குழந்தை, யாரிடம் கையைத் தூக்குவது? அவர்கள் சண்டை போடவில்லை, ஓட முடியவில்லை, 'நாங்கள் இல்லை' என்று சொல்வதைக் கேட்க எதிரே ஒரு காது இல்லை. யுத்தத்தில் மனிதர்கள் சாவது புதிதல்ல. குண்டுவீச்சைக் குற்றமாக்குவது இந்த வழியின்மைதான்.

4

இனி வரப்பில் நிற்கிறவளின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவள் சொல்லக்கூடியது இதுதான்: என் பிள்ளைக்கு இல்லாத சட்டம் இவனுக்கு எங்கிருந்து வந்தது? இவன் மேலே இருந்தபோது எந்தச் சட்டமும் இவன் கையைப் பிடிக்கவில்லை. கீழே விழுந்தவுடன் இவனுக்கு மட்டும் ஒரு ஒப்பந்தம், ஒரு அந்தஸ்து, சாப்பாடு, கடிதம். விமானம் வைத்திருக்கிற அரசாங்கங்கள் தங்கள் விமானிகளுக்காக எழுதிக்கொண்ட சட்டம் இது.

இந்த வாதத்தில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை. நூரம்பர்க் விசாரணையில் நகரங்கள் மேல் நடந்த குண்டுவீச்சு ஒரு குற்றமாக விசாரிக்கப்படவில்லை. இரு தரப்பும் அதைச் செய்திருந்தன. வட வியத்நாம் அரசு அமெரிக்க விமானிகளை யுத்தக் கைதிகள் அல்ல, யுத்தக் குற்றவாளிகள் என்றது. 1966 ஜூலை 6-ந் தேதி ஐம்பதுக்கு மேற்பட்ட விமானிகளை ஹனாய் தெருக்களில் ஊர்வலம் நடத்தி, இரு பக்கமும் கூடிய ஜனங்களின் அடிக்கு விட்டது. அந்த ஜனங்கள் சும்மா கூட்டப்பட்ட கும்பல் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் மேல் நிஜமாகவே குண்டு விழுந்துகொண்டிருந்தது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், கும்பல் ஆள் மாறி அடித்துவிடும் என்பது. உதாரணமும் இருக்கிறது. 1944 ஆகஸ்ட் 26-ந் தேதி ஜெர்மனியில் ரூசல்ஸ்ஹைம் ஊர் வழியாக எட்டு அமெரிக்க விமானிகளைக் காவலில் நடத்திக்கொண்டு போனார்கள். முந்தின இரவு அந்த ஊரில் குண்டு போட்டது பிரிட்டிஷ் விமானங்கள். இவர்களோ இரண்டு நாளைக்கு முன்பே வேறிடத்தில் விழுந்து பிடிபட்டவர்கள். ரயில் பாதை நொறுங்கிப் போனதால் நடந்து போக நேர்ந்தது. ஊர் ஜனங்கள் செங்கல்லும் தடியும் கொண்டு அடித்தார்கள். ஆறு பேர் செத்தார்கள். செத்தது போல் கிடந்த இருவர் பிழைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் விசாரணை நடந்து ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்த உதாரணம் கும்பலுக்கு எதிரான நல்ல வாதம். ஆனால் அவளுக்குப் பதில் அல்ல. ஆள் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதே விமானம், அதே கை. அப்போது?

அப்போதும் கூடாது என்பதற்கான காரணம் மேலே சொன்ன வழியின்மையில் இருக்கிறது. அவள் பிள்ளையின் சாவு வெறும் இழப்பு அல்ல, அநியாயம் என்று அவள் சொல்கிறாள். எந்த நியதியின்படி அது அநியாயம்? திருப்பி அடிக்க முடியாதவனை, கையில் ஒன்றும் இல்லாதவனைக் கொல்லலாகாது என்ற நியதியின்படி. அந்த நியதி ஒப்பந்தக் காகிதத்தில் இருப்பதாக நினைப்பது தவறு. விமானம் கடந்து போன பிறகு அந்த வயலில் அது இருக்கிற ஒரே இடம் அவள்தான். இறங்கியவன் இப்போது ஆயுதமில்லாமல், கால் முறிந்து, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். தன் பிள்ளைக்குக் கிடைக்காத அந்த வழியை அவனுக்கும் அவள் மூடினால், மேலே இருந்தபோது அவன் எந்த விதியில் செயல்பட்டானோ அந்த விதியை அவள் ஏற்றுக்கொள்கிறாள். கையில் அகப்பட்டதைக் கொல்லலாம் என்பது பொது விதியாகிவிட்டால், அவள் பிள்ளை செத்தது குற்றம் அல்ல. அன்று அவன் கை மேலே இருந்தது, இன்று இவள் கை மேலே இருக்கிறது, அவ்வளவுதான். அவனை விட்டுவைப்பதால் அவனுக்கு அவள் எதையும் கொடுக்கவில்லை. தன் பிள்ளையின் சாவைக் குற்றம் என்று சொல்லும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள்.

அவனும் பிள்ளையும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. அவன் குற்றவாளி, பிள்ளை நிரபராதி. அவனை விசாரிப்பதற்கு எதிராக இங்கே எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் விசாரணை என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. 1942 ஏப்ரல் 18-ந் தேதி ஜப்பான் மேல் குண்டு போட்ட அமெரிக்க விமானிகளில் எட்டுப் பேர் சீனாவில் ஜப்பானியரிடம் பிடிபட்டார்கள். அவர்களுக்காகவே பின்னால் ஒரு சட்டம் செய்து, அதன்படி விசாரித்து, அக்டோபர் 15-ந் தேதி மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜெர்மனியில் 1944 மே மாதம் நாஜிக் கட்சித் தலைமை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: விழுந்த விமானிகளை அடித்துக் கொன்ற குடிமக்கள் மேல் போலீஸ் நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை என்று. ஜனங்களின் துக்கத்தை ஒரு அரசாங்கம் தன் ஆயுதக் கிடங்கில் சேர்த்துக்கொண்ட விதம் இது. அவள் துக்கம் அவளுடையதாக இருக்கிற வரையில்தான் அதற்கு நியாயம் கேட்கிற யோக்யதை உண்டு.

நமக்கு விசாரணையின் லட்சணத்தை அறிய ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறு இருக்கிறது. புதுக்கோட்டைத் தொண்டைமானால் பிடித்துக் கொடுக்கப்பட்ட கட்டபொம்மனை, மற்ற பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து விசாரணை நடத்தி, 1799 அக்டோபர் 16-ந் தேதி அங்கே புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். எதிரி நாட்டு ராஜா என்று ஒப்புக்கொண்டிருந்தால் அவர் கைதி. வரி கட்டாத கலகக்காரன் என்று பெயர் வைத்ததும் கயிறு நியாயமாகிவிட்டது. பிடிபட்டவனுக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதில் அவன் உயிர் இருக்கிறது. பயங்கர விமானி, குற்றவாளி, கலகக்காரன் என்று பெயர்கள் பல. அவற்றுக்கு வேலை ஒன்றுதான்.

5

இதை நம்மவர்களிடம் சொன்னால் உடனே வரும் பதில், இது நமக்குப் புதிதல்ல, அடைக்கலம் என்பது நம் மரபு, என்பது. ஆயுதமிழந்து நின்ற ராவணனை ராமன் அன்று கொல்லாமல் அனுப்பினான்; எதிரியின் தம்பி வந்து சரண் என்றபோது ஏற்றான். இந்த வட்டாரத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. கம்பெனி ராணுவத்தில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தபோது, பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடி வந்த ஒரு தாய் அவனைக் குற்றுயிராகக் கண்டாள். தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கிற சாமியைக் காப்பாற்றச் சொன்னான் அவன். சாமி என்றது ஊமைத்துரையை. அவரை வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது துணியால் மூடிப் போட்டு, அம்மை கண்ட பையன் என்று அழுதார்கள். வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள்.

மகத்தான காரியம். ஆனால் காப்பாற்றப்பட்டவர் அவர்களுடைய சாமி. விபீஷணனோ கேட்டு வந்தவன். ராவணனை அனுப்பியதில் நாம் கொண்டாடுவது ராமனின் பெருமையை. அடைக்கலம் கொடுப்பவனுடைய குணம். கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். கொடுத்தால் பாட்டில் பாடப்படும். வயலில் விழுந்தவன் நம் ஆள் இல்லை, கேட்டும் வரவில்லை, நன்றி சொல்லப் போவதும் இல்லை. அவனுக்கு உரியது அடைக்கலம் அல்ல, வேறொன்று. அது நம் உதாரத்தைச் சார்ந்ததாக இருந்தால், உதாரம் வற்றிய நாளில் அவன் செத்தான்.

டீக் கோப்பைப் படம் அடைக்கல மனோபாவத்தின் நவீன வடிவம். அதில் காட்டப்பட்டது கைதி அல்ல; கொடுத்தவனின் பெருந்தன்மை. இந்தியா அந்தப் படங்களை ஆட்சேபித்தது சரிதான். ஆனால் நம்மிடம் அதற்கான ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. இதற்கு நேர் எதிரான உதாரணம் 1965-ல் இருக்கிறது. செப்டம்பர் 22-ந் தேதி விழுந்து பிடிபட்ட ஹண்டர் விமானி கே. சி. கரியப்பா, முன்னாள் தலைமைத் தளபதியின் மகன். ஒரு காலத்தில் தகப்பனாரோடு பணியாற்றிய அயூப் கான் மகனுக்குச் சலுகை தர முன்வந்ததாகவும், பிடிபட்ட எல்லாரும் தன் பிள்ளைகள்தான், எல்லாரையும் ஒன்றாக நடத்தும்படி தகப்பனார் பதில் அனுப்பியதாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த மறுப்பை தேசபக்தி என்றுதான் இங்கே பேசுகிறோம். அதில் அதைவிட அதிகம் இருக்கிறது. கைதிக்குக் கிடைப்பது பரிசாக மாறினால் பரிசு பெறாதவன் கதி என்ன என்ற யோசனை இருக்கிறது.

1971 யுத்தத்தில் பிடிபட்ட இந்திய விமானிகளை ராவல்பிண்டி முகாமில் வைத்திருந்தார்கள். 1972 ஆகஸ்டில் திலீப் பருல்கர், எம். எஸ். கிரேவால், ஹரீஷ் சின்ஜி மூவரும் சுவரைத் துளைத்துத் தப்பினார்கள். ஆப்கன் எல்லைக்குச் சில மைல் தூரத்தில், எப்போதோ மூடப்பட்டுவிட்ட ஒரு ரயில் நிலையத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டதால் சந்தேகத்தில் பிடிபட்டார்கள். அந்தப் பழங்குடிப் பகுதியில் அவர்கள் மறைந்து போயிருந்தால் கேட்பார் கிடையாது. பருல்கர் செய்தது, முன்பு முகாம் அதிகாரியாக இருந்த உஸ்மான் ஹமீதுக்குப் போன் போடச் சொன்னது. அவர் அப்போது விமானப் படைத் தலைவரின் உதவியாளர். அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, அவர்களுக்குத் தீங்கு வராமல் பிடித்து வைக்கும்படி சொன்னார். தப்பிய கைதிகள் தங்களைச் சிறை வைத்தவனையே நம்பினார்கள். அவர் அவர்களைத் தப்பவிடவில்லை, மார்போடு அணைக்கவில்லை, சாகவும் விடவில்லை. டிசம்பரில் அவர்கள் வாகா வழியாக வீடு திரும்பினார்கள். பாட்டில் பாடும்படியாக இதில் ஒன்றும் இல்லை. கைதிக்கு உரியது இந்த அளவு வறண்டதாக இருப்பதே நல்லது.

அதே யுத்தத்தில் போனவர்களில் திரும்பாதவர்களும் உண்டு. பாகிஸ்தானில் இருப்பதாக நம்பப்படும் 54 பேரைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. விமானிகள் அதில் பலர். தன்னிடம் யாரும் இல்லை என்றே பாகிஸ்தான் சொல்லிவந்திருக்கிறது. ஒரு உஸ்மான் ஹமீது இல்லாத இடத்தில் விழுந்தவர்களுடைய குடும்பங்கள் காத்திருந்தே மூப்படைந்தன.

6

காப்பாற்றுவது வேறு, மன்னிப்பது வேறு. இரண்டையும் குழப்பினால் அவளுக்கு அநியாயம் செய்கிறோம். மன்னிக்க அவள் கடமைப்பட்டவள் அல்ல. கம்பைக் கீழே போட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க அவனைச் சபிக்க அவளுக்கு உரிமை உண்டு.

அவன் பக்கத்திலும் அப்படித்தான். பிடிபட்டவன் மனம் மாற வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். அதை விலையாகக் கேட்கலாகாது. சிறைவாசம்தான் குண்டு போட்டவன் குண்டு விழுந்தவர்களோடு ஒரே தரையில் வாழ்கிற சந்தர்ப்பம். சிலர் அதில் பார்க்கக் கற்றார்கள். 1942-ல் நகோயாவில் குண்டு போட்டுவிட்டுப் பிடிபட்ட ஜேக்கப் டிஷேசர் நாற்பது மாதம் சிறையில் இருந்தார். யுத்தம் முடிந்ததும் 1948-ல் ஜப்பானுக்கே மத ஊழியராகத் திரும்பினார். பின்னாளில் அதே நகோயாவில் வேலை செய்தார். பலர் ஒன்றும் பார்க்காமலே வீடு போனார்கள். பார்க்காதவனுக்கும் உயிர் மேல் அதே உரிமைதான்.

ஹிரோஷிமாவில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1945 ஜூலை கடைசியில் குரே துறைமுகப் பக்கம் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்க வந்து விழுந்த அமெரிக்க விமானிகளைப் பிடித்து ஹிரோஷிமாவில் வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 6-ந் தேதி அவர்களில் பன்னிரண்டு பேர் தங்கள் நாட்டின் அணுகுண்டுக்குப் பலியானார்கள். விசாரணைக்காக டோக்கியோவுக்கு அனுப்பப்பட்ட ஒரு விமானத் தலைவர் அதனாலேயே பிழைத்தார். மேலேயிருந்து பார்க்கும்போது பன்னிரண்டு பேரும் ஹிரோஷிமாக்காரர்கள். குண்டு விழுந்த அன்று எட்டு வயதுப் பையனாக இருந்த ஷிகேயாகி மோரி, பின்னால் பல பத்தாண்டுகள் சொந்தச் செலவில் அந்தப் பன்னிரண்டு பேரின் விவரங்களைத் தேடிச் சேகரித்து, அமெரிக்காவில் இருந்த குடும்பங்களுக்குத் தெரிவித்தார். தன் ஊரை எரித்த நாட்டின் ஆட்கள் அவர்கள். அவர் அவர்களை மன்னித்தாரா என்பது இரண்டாம் பட்சம். தன் ஊரில் செத்தவர்கள் என்று கணக்கில் சேர்த்தார்.

7

நம் கணக்கையும் பார்க்க வேண்டும். 1990 ஜூனில் கிழக்கிலங்கையில் சரணடைந்த நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் புலிகளால் கொல்லப்பட்டார்கள். 2009 மே மாதம் சரணடைந்த தமிழர்கள் கொல்லப்பட்டதைப் பற்றித் தமிழில் நிறைய எழுதினோம், எழுத வேண்டியதுதான். முதலாவதைப் பற்றி எழுதியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டாவதைக் குற்றம் என்று சொல்லும் வாய், முதலாவதில் மூடியிருந்தால், அந்த வாய் நியதியைப் பேசவில்லை, பக்கத்தைப் பேசுகிறது. இதில் இலக்கியக்காரர்களுக்கு விசேஷ விலக்கு எதுவும் கிடையாது.

இன்று நிலைமை வேறு விதமாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது ஏவுகணைகளும் ட்ரோன்களும் நிறையப் பறந்தன. இந்திய விமானி ஒருவர் பிடிபட்டதாக ஒரு செய்தி வேகமாகப் பரவியது, அது பொய். 2019-ன் படத்தை எல்லாரும் மறுபடி எதிர்பார்த்தார்கள் போலும். ஆளில்லாத விமானம் விழுந்தால் வயலில் கிடப்பது தகடும் வயரும். கையைத் தூக்க அதனுள் யாரும் இல்லை. அந்த நாலு பேர் சுற்றி நின்று போட்டோ எடுக்கலாம்.

உயரத்திலிருந்து எதுவும் தெரியவில்லை என்று பழைய விமானி சொல்ல முடிந்தது. அந்தச் சாக்கு இப்போது இல்லை. 1991-ல் வளைகுடா யுத்தத்தின்போது ஃபைலாக்கா தீவில் இராக்கியச் சிப்பாய்கள் தலைக்கு மேலே வந்த ஓர் ஆளில்லா உளவு விமானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்கள். காமிராவின் மறுமுனையில் இருந்தவர்கள் அதைக் கண்டார்கள். விமானத்திடம் சரணடைய முடியாது என்ற வாக்கியம் அன்று முதல் இயந்திரத்தின் குறையைச் சொல்வதல்ல. மறுமுனையில் உட்கார்ந்திருப்பவன் தூக்கிய கையைப் பார்க்கிறான். பார்த்துவிட்டு என்ன செய்வது என்று அவன் தீர்மானிக்க வேண்டும். அவன் விழப் போவதில்லை. எந்த வயலிலும் யாரும் அவனுக்காகக் கம்போடு காத்திருக்கப் போவதில்லை. வரப்பில் நின்றவளிடம் கேட்ட கேள்வி இப்போது அவனுடைய நாற்காலிக்குப் போயிருக்கிறது. அவனுக்குப் பின்னால், அதே காட்சியைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.